குளிர்சாதனப் பெட்டி என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் பெரிய ரயில் நிலையங்களில் வண்டி வந்து நின்றவுடன், நீண்ட பிடி போட்ட சுத்தியலுடன் ஒருவர் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். மூத்த வாசகர்கள் பார்த்திருப்பார்கள். நல்ல சக்கரம் மணியைப்போல் ஒலிக்கும். விரிசல் விட்ட சக்கரம் ஓட்டைப் பானையைப்போல் ஒலிக்கும். இன்னொருவர் அச்சுப் பெட்டியைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். ஆயிரம் பேர் ஏறி வரும் வண்டியின் பாதுகாப்பு இந்த இருவரின் காதையும் கையையும் நம்பி இருந்தது. பிற்காலத்தில் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் இயந்திரம் கெடுவதற்கு முன் சத்தத்தாலும் சூட்டாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும் என்ற பாடம் மாறவில்லை.

இந்தப் பாடம் நம் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் அப்படியே பொருந்தும். கல்யாண், டோம்பிவிலி, உல்லாஸ்நகர் பகுதிகளில் ஒன்றிரண்டு அறைகளில் குடித்தனம் நடத்தும் நம் குடும்பங்களில், சமையலறையில் இடம் போதாமல் ஃபிரிட்ஜ் கூடத்தில்தான் நிற்கும். இரவில் அதற்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறோம். ஆகவே அது போடும் சத்தம் எல்லாம் நம் காதில் விழத்தான் செய்கிறது. ஆனால் பலர் அதைப் பொறுத்துக்கொண்டு பழகிவிடுகிறார்கள். வேறு சிலர் பயந்துபோய் மெக்கானிக்கை அழைத்து, அவர் கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தச் சத்தத்தைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது, எப்போது பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்ற மூன்றையும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளே நடப்பது என்ன?

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதுபோல இது வெப்பம் இறைக்கும் வேலை. வாளியின் வேலையைச் செய்வது ஒரு வாயு. பின்புறம் அடியில் உள்ள கறுப்புக் குடுவைதான் கம்ப்ரெசர். அது வாயுவை அழுத்திச் சூடாக்கி, பின்புறம் உள்ள கம்பி வலைக்கு அனுப்புகிறது. புதிய மாடல்களில் இந்த வலை பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும். அங்கே வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு வாயு திரவமாகிறது. பிறகு தலைமுடிபோல் மெல்லிய துளை உள்ள கேப்பிலரி குழாய் வழியாகப் பாய்ந்து, ஃப்ரீசர் பகுதியில் அழுத்தம் குறைந்து கொதிக்கிறது. அப்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மீண்டும் வாயுவாகிக் கம்ப்ரெசருக்குத் திரும்புகிறது. வேண்டிய குளிர் வந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரெசரை நிறுத்தும். குளிர் குறைந்ததும் மறுபடி ஓட்டும்.

இந்தச் சுற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருபவை எல்லாம் தாமாகவே விளங்கும்.

கவலை வேண்டாத சத்தங்கள்

கம்ப்ரெசர் ஓடும்போது ஒரே சீரான ரீங்காரம் இருக்கும். தொடங்கும்போதும் நிற்கும்போதும் 'டக்' என்று ஒரு தட்டல் கேட்கும். நின்ற பிறகு 'களக் களக்' என்று தண்ணீர் ஓடுவதுபோல் கேட்டால், அது குழாய்களில் திரவம் நகரும் ஒலி. பிளாஸ்டிக் சுவர்கள் குளிரில் சுருங்கி விரிவதால் சில சமயம் 'பட்' என்று வெடிப்பதுபோல் கேட்கும். பனி உறையாத ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்களில், பனியைக் கரைக்கும் ஹீட்டரில் நீர்த்துளி விழும்போது தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல் 'சுர்' என்று கேட்கும். இவை எதுவும் நோயல்ல.

இன்வெர்ட்டர் கம்ப்ரெசர் உள்ள மாடல்களில் சத்தம் ஏறி இறங்கும். கம்ப்ரெசர் அடிக்கடி நிற்காமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். பழைய ஃபிரிட்ஜில் பழகிய காதுக்கு 'இது நிற்கவே இல்லையே' என்று தோன்றும். அதன் இயல்பே அதுதான். அதேபோல் பக்கச் சுவரும் கதவுச் சட்டமும் இளஞ்சூடாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெப்பம் வெளியேறும் வலை அங்கே இருக்கிறது.

கவனிக்க வேண்டிய சத்தங்கள்

சத்தம் வந்தால் முதல் வேலை, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. மேலிருந்தா, உள்ளிருந்தா, பின்புறம் அடியிலிருந்தா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அதிரும் 'தடதட' சத்தம். கம்ப்ரெசர் ஓடும்போது மட்டும் வரும். பெரும்பாலும் இதில் கோளாறே இருக்காது. மேலே அடுக்கிய டப்பா, ஒன்றோடொன்று முட்டும் பாட்டில், சுவரைத் தொடும் பின்வலை, சரியாக உட்காராத நீர்த்தட்டு ஆகியவைதான் காரணம். ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். முன்கால்களைத் திருகினால் உயரும், தாழும். முன்பக்கம் சற்றே உயர்ந்திருந்தால் கதவு தானாக மூடிக்கொள்ளும். சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையே நான்கு அங்குலம் இருக்கட்டும்.

உள்ளிருந்து வரும் 'கரகர' சத்தம். ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்களில் ஃப்ரீசருக்குப் பின்னால் ஒரு சிறு மின்விசிறி உண்டு. பல மாடல்களில் கதவைத் திறந்தால் அது நின்றுவிடும். கதவைத் திறந்ததும் கரகரப்பும் நின்றால், விசிறி இறக்கையில் பனிக்கட்டி உரசுகிறது என்று கொள்ளலாம். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பனி கரைந்து சத்தம் நின்றால் நல்லது. சில வாரங்களில் திரும்ப வந்தால், பனி கரைக்கும் ஹீட்டரோ அதைச் சேர்ந்த உறுப்புகளோ வேலை செய்யவில்லை. மெக்கானிக் பார்க்க வேண்டும்.

'டக்... ம்ம்ம்... டக்.' சில நிமிடங்களுக்கு ஒரு முறை இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டால், அதுதான் முக்கியமான எச்சரிக்கை. கம்ப்ரெசர் எழ முயன்று, எழ முடியாமல், சூடேறி, பாதுகாப்பு உறுப்பு அதை நிறுத்துகிறது என்று பொருள். மூன்று முறை கேட்ட பிறகும் விட்டுவைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். காரணங்களை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

அடியிலிருந்து உலோகத்தை உலோகம் இடிக்கும் சத்தம். கம்ப்ரெசர் நிற்கும்போது லேசாக ஒரு குலுக்கல் வருவது இயல்பு. ஆனால் ஓடும்போதே இடித்தால், கீழே உள்ள ரப்பர் கட்டைகள் நைந்திருக்கலாம். அல்லது உள்ளே கம்ப்ரெசரைத் தாங்கும் சுருள்வில் உடைந்திருக்கலாம். ரப்பர் மாற்றுவது சிறு செலவு. உள்வில் உடைந்தால் கம்ப்ரெசரையே மாற்ற வேண்டி வரும்.

மின்சாரமும் கம்ப்ரெசரும்

நம் பகுதியில் ஃபிரிட்ஜுக்கு முதல் எதிரி மின்சாரம்தான். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் கல்யாண் பக்கம் லோட் ஷெட்டிங்கில் நாம் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அது குறைந்துவிட்ட பிறகும், மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் வருவதும் மீண்டும் போவதுமாக இருப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

மின்சாரம் போனதைவிட உடனே திரும்பி வருவதுதான் ஆபத்து. ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரெசர் நின்றவுடன் ஒரு பக்கம் வாயு அழுத்தம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும். இரண்டும் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் மின்சாரம் வந்தால், ஏற்றத்தில் நிறைந்த சுமையோடு நிற்கும் சரக்கு வண்டியை இழுக்கும் இன்ஜின் போல கம்ப்ரெசர் திணறும். சாதாரணமாகவே அது எழும்போது ஓடும் மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு எடுக்கும். எழ முடியாமல் அப்படியே நின்றால் சுருள்கம்பி வேகும். ஆகவே மின்சாரம் போனவுடன் ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுவது நல்ல பழக்கம். வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு, தாமதமாக மின்சாரம் விடும் அமைப்புள்ள ஸ்டெபிலைசர் உதவும்.

நமக்கு வர வேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். கோடை இரவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது கட்டடத்தின் கடைசி மாடியில் அது வெகுவாகக் குறைவதுண்டு. 180க்குக் கீழே போனால் பழைய வகைக் கம்ப்ரெசர் எழுவது கடினம். மேலே சொன்ன 'டக்... ம்ம்ம்... டக்' சத்தம் மாலையில் மட்டும் வந்து விடியற்காலையில் வராவிட்டால், குறை ஃபிரிட்ஜில் இல்லை, மின்னழுத்தத்தில் என்று ஊகிக்கலாம்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் எழவில்லை என்றால், 'கம்ப்ரெசர் போய்விட்டது' என்று மெக்கானிக் சொன்னதும் தலையாட்ட வேண்டாம். கம்ப்ரெசரை ஒட்டி வெளியே ரிலே, ஓவர்லோட், சில மாடல்களில் கெப்பாசிட்டர் என்று சிறு உறுப்புகள் உண்டு. இவற்றின் விலை கம்ப்ரெசர் விலையில் மிகச் சிறு பங்குதான். 'முதலில் இவற்றை மாற்றிப் பார்த்தீர்களா?' என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. இன்வெர்ட்டர் மாடலாக இருந்தால் மின்னணுப் பலகை ஒன்று கம்ப்ரெசரை இயக்கும். அதைக் கம்பெனி ஆளே பார்ப்பது நல்லது.

மின் இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்டென்ஷன் போர்டில் ஃபிரிட்ஜைப் போடக் கூடாது. மிக்ஸியும் ஃபிரிட்ஜும் ஒரே போர்டில் போடுவது அதைவிட மோசம். மூன்று பின் பிளக்கின் பெரிய பின், எர்த் இணைப்பு. அதை வெட்டிவிட்டு இரண்டு பின் போர்டில் செருகுபவர்களும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. கதவைத் தொட்டால் விரலில் சுரீர் என்றால் உடனே பிளக்கை எடுத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

குளிர் குறைந்தால்

'ஃபிரிட்ஜ் ஓடுகிறது, குளிர் இல்லை' என்று அழைத்தால், வந்த மெக்கானிக் கதவைத் திறந்து பார்த்தவுடன் 'கேஸ் கதம்' என்று சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. அவரை அழைப்பதற்கு முன் நாமே வரிசையாகச் சிலவற்றைப் பார்க்கலாம்.

முதலாவது, கதவின் ரப்பர் பட்டை. ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுத்தால்தான் வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும் சோதியுங்கள். பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைத்தாலே பல சமயம் சரியாகிவிடும்.

இரண்டாவது, பின்வலையில் தூசி. வலை வெளியே தெரியும் மாடல்களில், பிளக்கை எடுத்துவிட்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தூரிகையால் துடைக்க வேண்டும். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் கம்ப்ரெசர் நிற்காமல் ஓடும்.

மூன்றாவது, உள்ளே காற்று சுற்ற வழி. இட்லி மாவுப் பாத்திரம், சாம்பார்ச் சட்டி, ஊரிலிருந்து வந்த ஊறுகாய் ஜாடி என்று இடைவெளியின்றி அடைத்தால் மேல்தட்டு உறையும், கீழ்த்தட்டு புளிக்கும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் பின்சுவரில் உள்ள காற்றுத் துளைகளை மறைக்கக் கூடாது. சூடான பாத்திரத்தை ஆறவைத்து வையுங்கள்.

நான்காவது, ஃப்ரீசரில் பனி. சாதாரண ஒற்றைக் கதவு மாடலில் பனி கால் அங்குலம் ஏறியதும் கரைத்துவிட வேண்டும். கத்தி, ஸ்குரூடிரைவர் எதுவும் வேண்டாம். ஃப்ரீசரின் அலுமினியத் தகட்டுக்குள்தான் வாயு ஓடுகிறது. ஒரு குத்தில் அத்தனை வாயுவும் வெளியேறி, பழுதுச் செலவு ஆயிரக்கணக்கில் ஏறிவிடும்.

நிற்காமல் ஓடுவதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 வாட் கம்ப்ரெசர் நாளில் பாதி நேரம் ஓடினால் 1.44 யூனிட். நாள் முழுதும் ஓடினால் 2.88 யூனிட். மாதத்துக்கு 43 யூனிட் வீண். ஒரு நைந்த ரப்பர் பட்டை இவ்வளவு செலவு வைக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குளிர் இல்லை, கம்ப்ரெசர் இடைவிடாமல் ஓடுகிறது, பின்வலை சூடாகவே இல்லை, ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி படிகிறது என்றால், அப்போது வாயு குறைந்திருக்கலாம். இணைப்புகளில் எண்ணெய்க் கறை தெரிந்தால் சந்தேகம் உறுதிப்படும். வாயு என்பது பெட்ரோல்போல் செலவாகும் பொருள் அல்ல. அடைத்து மூடப்பட்ட சுற்று அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் வாயு மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஆகவே மெக்கானிக்கிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள்: கசிவு எங்கே? அடைத்தாயிற்றா? டிரையர் ஃபில்டர் புதிதாகப் போட்டீர்களா? வாக்குவம் பம்ப் வைத்துக் காற்றை முழுதும் எடுத்தீர்களா? பெயர்த்தகட்டில் எழுதியுள்ள வாயுவை, அதே எடைக்கு அளந்து விட்டீர்களா? நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்வார். கோபித்துக்கொள்பவரை அனுப்பிவிடலாம்.

எந்த வாயு?

பெயர்த்தகட்டைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1920களில் ஃபிரிட்ஜ்களில் நச்சு வாயுக்கள் இருந்தன. ஜெர்மனியில் அப்படிப்பட்ட வாயு கசிந்து ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான், விஞ்ஞானி ஐன்ஸ்டைன் தம் நண்பர் சிலார்டுடன் சேர்ந்து அசையும் உறுப்புகள் இல்லாத ஒரு ஃபிரிட்ஜை வடிவமைத்தார் என்று சொல்வார்கள். அதற்கு 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் நச்சும் இல்லாத, எரியவும் செய்யாத ஆர்-12 என்ற வாயு அதே காலத்தில் வந்துவிட்டதால், அந்த ஃபிரிட்ஜ் வீடுகளுக்கு வரவில்லை. நம் நாட்டில், விக்ரோலியில் நாம் லோக்கல் ரயிலில் கடந்து போகும் கோத்ரெஜ் நிறுவனம் 1958இல் ஃபிரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியபோதும், பல ஆண்டுகள் பின்னரும் ஆர்-12தான் ஆட்சி செய்தது.

அது வானத்தின் ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்து, 1987இல் மான்ட்ரியால் ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. பிறகு ஆர்-134ஏ வந்தது. அது ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்கும். அதனால் இப்போதைய வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ இருக்கிறது. இது ஐசோபியூட்டேன், சமையல் எரிவாயுவின் பங்காளி. எரியும். ஆனால் ஃபிரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் நூறு கிராமுக்கும் குறைவு. 14 கிலோ சிலிண்டரைச் சமையலறையில் வைத்துக்கொண்டு இதற்குப் பயப்பட வேண்டியதில்லை; கவனமாக இருந்தால் போதும்.

இரண்டு விஷயங்கள் மட்டும் முக்கியம். சமையல் வாயு கசிந்தால் தெரிவதற்காக அதில் வாசனை சேர்க்கிறார்கள். ஃபிரிட்ஜ் வாயுவில் அப்படிச் சேர்ப்பதில்லை. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே ஆர்-600ஏ என்று எழுதிய ஃபிரிட்ஜைப் பழுதுபார்க்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் அருகில் கூடாது. வாயுவை முழுதும் வெளியேற்றாமல் குழாயில் நெருப்பு வைத்துப் பற்றவைக்கக் கூடாது. இந்த வாயுவில் பயிற்சி பெற்றவரையே அழைக்க வேண்டும்.

பூட்டிக் கிடந்த வீடு

இனிச் சொல்லப்போவது ஊரைவிட்டு வந்து வாழும் நம் போன்றவர்களுக்கு மிகவும் வேண்டியது.

2022 நவம்பர் 4ஆம் தேதி அதிகாலை, சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். வெளிநாட்டில் இருந்த அவர்கள், நெடுநாள் பூட்டிக் கிடந்த தங்கள் வீட்டுக்கு ஓரிரு நாள் முன்புதான் வந்திருந்தார்கள். மின்கசிவே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. மூவரையும் கொன்றது நெருப்பு அல்ல, புகை. ஃபிரிட்ஜின் சுவர்களுக்குள் இருப்பது நுரைப் பொருள். அது எரிந்தால் வரும் புகையில் கொடிய நச்சு வாயுக்கள் உண்டு. மூடிய அறையில், தூக்கத்தில், சில நிமிடங்களே போதும்.

லண்டனில் 2017 ஜூன் 14 அன்று 24 மாடி கிரென்ஃபெல் கட்டடத்தில் 72 பேர் உயிரிழந்த தீயும், நான்காம் மாடியில் ஒரு வீட்டின் ஃபிரிட்ஜில் ஏற்பட்ட மின்கோளாற்றில்தான் தொடங்கியது என்று விசாரணை கூறியது. அது பரவியதற்குக் கட்டடத்தின் வெளிப்பூச்சுத் தகடுகள் காரணம். தொடங்கிய இடம் சமையலறை. இப்படிப்பட்ட விபத்துகள் அரிது என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் எத்தனையோ கோடி ஃபிரிட்ஜ்கள் ஒரு தொல்லையும் இன்றி ஓடுகின்றன. ஆனால் அரிதாக நடப்பது எந்த வீட்டில் நடக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது.

நம்மில் பலருக்குத் திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ பாலக்காட்டிலோ ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறையில், இரண்டு நாள் ரயில் பயணம் செய்து போய் இறங்கியதும் கதவைத் திறந்து, மெயின் சுவிட்சைப் போட்டு, பால் வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைக்கிறோம். இத்தனை மாதங்களில் எலி வயரைக் கடித்திருக்கலாம். பல்லியும் எறும்பும் ரிலேயில் கூடு கட்டியிருக்கலாம். ஈரத்தில் இணைப்புகள் துருப்பிடித்திருக்கலாம். ஆகவே:

போய் இறங்கியவுடன் எல்லா ஜன்னல்களையும் திறந்து அரை மணி நேரம் காற்றோட்டம் விடுங்கள். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, வயரையும் பிளக்கையும் பின்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். கடித்த தடம், கருகிய அடையாளம், பச்சை பூத்த பின் ஏதாவது இருந்தால் எலெக்ட்ரீஷியன் பார்க்கும் வரை தொடாதீர்கள். சரியாக இருந்தால் பகலில், ஆள் விழித்திருக்கும்போது போடுங்கள். முதல் நான்கைந்து மணி நேரம் கவனியுங்கள். முதல் நாள் இரவு அதை அணைத்துவிட்டுத் தூங்கினால் கெட்டுப்போவது ஒரு லிட்டர் பால்தான். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சைப் பொருத்திவிட்டால் இன்னும் நல்லது.

புறப்படும்போது செய்ய வேண்டியதும் உண்டு. ஃபிரிட்ஜைக் காலி செய்து, பனி கரைய விட்டு, ஈரம் போகத் துடைத்து, பிளக்கைக் கழற்றி, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துணியைச் செருகிவிட்டு வாருங்கள். மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். சிறு குழந்தைகள் வந்து போகும் வீடாக இருந்தால், விளையாட்டாக உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளாதபடி கதவைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்துங்கள். கோடை விடுமுறைக்குக் கல்யாண் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போதும் இதே முறைதான்.

மழைக்காலம்

2005 ஜூலை 26 வெள்ளத்தில் உல்லாஸ் நதி பெருகிக் கல்யாண், பத்லாபூர் பகுதிகளில் எத்தனையோ வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சுவிட்சைப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். கூடவே கூடாது. கம்ப்ரெசர் மூடிய குடுவை, அதற்குள் தண்ணீர் போகாது. ஆனால் வெளியே உள்ள ரிலேயும் வயர்களும் நனைந்திருக்கும். மெக்கானிக் கழற்றி உலர்த்திச் சோதித்த பிறகே போட வேண்டும். தாழ்வான தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஃபிரிட்ஜை உறுதியான ஸ்டாண்டின்மேல் நிறுத்துவது நல்லது.

பின்புறம் கம்ப்ரெசருக்கு மேல் ஒரு நீர்த்தட்டு இருக்கும். பனி கரைந்த நீர் அங்கே வந்து சேர்கிறது. டெங்கு கொசு முட்டையிட விரும்பும் இடங்களில் அதுவும் ஒன்று. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை அதைக் கழுவிவிடுங்கள். காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் பயப்பட வேண்டாம். உள்ளே பின்சுவரில் உள்ள வடிகால் துளை அடைத்திருக்கிறது. இளஞ்சூடான நீரை மெல்ல ஊற்றினால் திறந்துகொள்ளும்.

உணவும் மருந்தும்

உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் வரை உணவு தாங்கும். அதற்கு மேல் ஆனால் பால், மீன், இறைச்சி, மீந்த குழம்பு ஆகியவற்றை மனமில்லாவிட்டாலும் கொட்டிவிடுவதே நல்லது.

இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஒரு முறை உறைந்தாலும் பயனற்றதாகிவிடும். ஃப்ரீசருக்கு அடியிலும் பின்சுவரை ஒட்டியும் வைக்காமல், நடுத்தட்டில் ஒரு டப்பாவில் வையுங்கள். ஒரு சிறு தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஃபிரிட்ஜ் கெட்டால், அண்டை வீட்டில் இடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பழுதா, புதிதா?

ரப்பர் பட்டை, ரிலே, விசிறி, தெர்மோஸ்டாட் என்றால் பழுதுபார்ப்பதே லாபம். பதினைந்து ஆண்டுக்கு மேலான ஃபிரிட்ஜில் கம்ப்ரெசர் போனாலோ, சுவருக்குள் ஓடும் குழாய் கசிந்தாலோ, புதிது வாங்குவதே புத்திசாலித்தனம். வாங்கும்போது நட்சத்திர முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். நட்சத்திரத்தைவிட அந்த எண்தான் உண்மை பேசும். கியாரண்டிக் காலத்தில் கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. புதிய ஃபிரிட்ஜ் வந்து இறங்கியதும் நிமிர்த்தி வைத்து நான்கு மணி நேரம் கழித்தே போட வேண்டும். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு நாள் பொறுங்கள். கம்ப்ரெசர் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

கடைசியாக, தாமதம் இல்லாமல் பிளக்கைப் பிடுங்க வேண்டிய ஐந்து அடையாளங்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜின் பக்கத்திலேயே ஒட்டிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

1. கருகிய வாடை அல்லது புகை.
2. தொட்டால் மின் அதிர்ச்சி.
3. 'டக்... ம்ம்ம்... டக்' என்று ஓயாத சத்தம்.
4. பிளக்கோ வயரோ தொட முடியாத சூடு.
5. போட்டவுடன் வீட்டு மெயின் விழுதல்.

தீப்பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கை எட்டினால் மெயினை அணையுங்கள், எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். எல்லோரையும் எழுப்பி வெளியே அழைத்துக்கொண்டு, கதவை மூடிவிட்டு, 101க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். ஃபிரிட்ஜைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.